பார்க்காத பறவையைப் பார்த்துவிட்டால்: குறித்துவைக்கவும் அடையாளம் காணவும் ஒரு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிப் பக்கத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்துக்குப் போகும் வழியில், ஒரு அக்டோபர் காலையில், மின்கம்பியில் உட்கார்ந்திருந்த பனங்காடையைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். பனங்காடை எங்கள் பக்கத்தில் புதிதல்ல. ஆனால் இதன் நெஞ்சு நீலமாக இருந்தது. நம்மூர்ப் பனங்காடைக்குத் தொண்டையும் நெஞ்சும் ஊதா கலந்த பழுப்பு, அதில் வெளிறிய கீற்றுகள் ஓடும். நீலம் வயிற்றில்தான் தொடங்கும். இதற்குத் தலையிலிருந்து வால் அடி வரை ஒரே வெளிர்நீலம். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து ஐரோப்பியப் பனங்காடையின் படத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் பறவை பறந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பறவைப் பதிவுத் தளத்தில் பதிவு செய்ய உட்கார்ந்தபோது, பறக்கும்போது இறக்கை என்ன நிறத்தில் இருந்தது என்ற கேள்வி வந்தது. என் மனதில் இருந்தது பறவையின் இறக்கையா, புத்தகப் படத்தின் இறக்கையா என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிவை நான் போடவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

கீழே வருவதெல்லாம் அந்த இழப்பிலிருந்து தொடங்கியது. அரிய பறவையைப் பார்ப்பதில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டு. பார்த்ததை நாலு பேர் நம்பும்படி குறித்துவைப்பதில் அதிர்ஷ்டத்துக்கு வேலை இல்லை, அது முழுக்கப் பழக்கம்.

முதல் ஐந்து நிமிடம்: புத்தகத்தைத் தொடாதீர்கள்

பறவை எதிரே இருக்கும்வரை அதைப் பார்ப்பது ஒன்றுதான் வேலை. கையில் கேமரா இருந்தால் முதலில் நாலைந்து படம் சுட்டுவிடுங்கள், சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. அப்புறம் கேமராவை இறக்கிவிட்டுக் கண்ணால் பாருங்கள். படமெடுக்கும் மும்முரத்தில் இருபது நிமிடம் போய், கடைசியில் அலகு என்ன நிறம் என்று கேட்டால் விழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எதை முதலில் பார்ப்பது? வேகமாகக் கைவிட்டுப் போகக்கூடியதை. உட்கார்ந்திருக்கும் பறவை எந்த நொடியும் பறக்கும். பறக்கும்போது மட்டும் தெரிகிற இறக்கைப் பட்டை, பிட்டத்தின் நிறம், வால் ஓரத்து வெள்ளை போன்றவை இரண்டு நொடிதான் கண்ணில் படும். அதற்கு மனதைத் தயாராக வைத்திருங்கள். நிற்கும் பறவையில் தலையிலிருந்து தொடங்குங்கள்: அலகின் நீளம், வளைவு, நிறம், கண்ணுக்கு மேலே புருவம் போன்ற கோடு இருக்கிறதா, கண்ணை ஊடுருவும் கோடு உண்டா, கண்வளையம் என்ன நிறம். பிறகு முதுகு, இறக்கை, அடிப்பகுதி, வால், கால் என்று கீழே வாருங்கள். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது நல்ல பழக்கம். கூட ஆள் இருந்தால் அவர் எழுதட்டும். தனியாக இருந்தால் போனில் குரல்பதிவை ஓடவிட்டுவிட்டுப் பேசுங்கள். பறவை கத்தினால் அதுவும் சேர்ந்து பதிவாகிவிடும்.

அளவை மீட்டரில் சொல்ல முயலாதீர்கள். சிட்டுக்குருவி, மைனா, காகம், பருந்து என்ற நாலு அளவுகோல் போதும். அதைவிட நல்லது, அதே பார்வைக்குள் நிற்கிற இன்னொரு பறவையோடு ஒப்பிடுவது. சேற்றில் தனியாக நிற்கும் உள்ளான் எவ்வளவு பெரிது என்று ஊகிப்பது பெரும்பாலும் தவறிப்போகும். பக்கத்தில் அளவு தெரிந்த ஒரு பட்டாணி உள்ளான் நின்றால் சிக்கல் தீர்ந்தது.

குறிப்பு எழுதுவது: பெயரை எழுதாமல் எழுதுங்கள்

பறவை போன கையோடு, அந்த இடத்திலேயே, எந்தப் புத்தகத்தையும் செயலியையும் திறக்கும் முன் எழுத வேண்டும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். படத்தைப் பார்த்துவிட்டு எழுதும் குறிப்பில் படம் கலந்துவிடும். அது நேர்மைக் குறைவால் வருவதல்ல, மனித நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது.

அப்படியொரு நீலநெஞ்சுப் பறவையைப் பார்க்க இரண்டாவது முறை எனக்கு வாய்ப்புக் கிடைத்தபோது எழுதிய குறிப்பை அப்படியே தருகிறேன்:

"காலை 7:10 முதல் 7:32 வரை. குளத்துக் கரைக்கு வெளியே உழுது போட்ட நிலம், மின்கம்பி. வெயில் என் முதுகுப் பக்கம். தூரம் சுமார் 40 மீட்டர், 8×42 பைனாக்குலர். ஒரு பறவை. இரண்டு கம்பம் தள்ளி ஒரு பனங்காடை, இரண்டும் ஒரே அளவு, ஒரே உருவம். இதன் தலை, கழுத்து, நெஞ்சு, வயிறு எல்லாம் வெளிர்நீலம். நெஞ்சில் மங்கலான கீற்று இருப்பதுபோல் தெரிந்தது, உறுதியில்லை. முதுகு செம்பழுப்பு. அலகு கருப்பு. மூன்று முறை தரைக்கு இறங்கி எதையோ பிடித்துக்கொண்டு கம்பிக்கே திரும்பியது. பறக்கும்போது இறக்கையின் முன்பாதி நீலம், பின்பாதி முழுக்கக் கருப்பு. பனங்காடையின் இறக்கையில் தெரியும் வெளிர்நீலப் பட்டை இதற்கு இல்லை. மூன்று முறையும் பார்த்தேன். குரல் கேட்கவில்லை."

இதில் பறவையின் பெயர் இல்லை. பெயர் தெரியாத ஒருவர் படித்தாலும் பறவை கண்முன் வரும். 'உறுதியில்லை' என்ற சொல் இருக்கிறது, அது குறிப்பைப் பலவீனமாக்காது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது, ஐரோப்பியப் பனங்காடையின் இளம் பறவைக்கு நெஞ்சில் மங்கலான கீற்று இருக்கும் என்று தெரிந்தது. 'கீற்று இல்லை' என்று அடித்துச் சொல்லியிருந்தால் அந்தத் தகவல் போயிருக்கும். 'குரல் கேட்கவில்லை' என்பதையும் எழுதுங்கள். எதைக் கவனித்தும் காணவில்லை, எதைக் கவனிக்கவே இல்லை என்ற வித்தியாசம் பின்னால் பெரிதாக உதவும்.

வரையத் தெரியாவிட்டாலும் ஒரு முட்டை வடிவம் போட்டு, தலைக்கு ஒரு வட்டம் போட்டு, எங்கே என்ன நிறம் என்று அம்புக்குறி இழுங்கள். பத்து வரி எழுத்தைவிட இது சில நேரம் தெளிவாக இருக்கும்.

படமும் ஒலியும்

அடையாளத்துக்கான படம் அழகாக இருக்கத் தேவையில்லை. பக்கவாட்டில் ஒன்று, முதுகு தெரிய ஒன்று, பறக்கும்போது தொடர்ச்சியாகச் சில, இன்னொரு பறவையோடு சேர்ந்து ஒன்று. இவ்வளவு இருந்தால் போதும். வானத்தைப் பின்னணியாகக் கொண்ட பறவை கருநிழலாக விழும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) ஒரு படி கூட்டி வையுங்கள். பெரிய கேமரா இல்லையென்றால் பைனாக்குலரின் கண்ணாடியில் போனை ஒட்டி வைத்து எடுக்கலாம். கை நடுங்கினால் வீடியோ எடுத்துவிடுங்கள், அதிலிருந்து தெளிவான ஒரு காட்சியைப் படமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

கிளம்பும் முன் கேமராவின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மூலப் படத்தை வெட்டாமல் அப்படியே சேமித்து வையுங்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு கொண்டு படத்தைத் தெளிவாக்கும் செயலிகள் நிறைய வந்துவிட்டன. அடையாளப் படத்துக்கு அவற்றைப் பயன்படுத்தவே கூடாது. மங்கலான இடத்தில் இல்லாத இறகை அவை வரைந்துவிடும். அப்புறம் அது சான்றாக நிற்காது.

சில பறவைகளை ஒலியால்தான் பிரிக்க முடியும். இலைக்குள் ஒளியும் கதிர்குருவி வகைகளில் பலவும், ஆந்தைகளில் சிலவும் அப்படி. போனை அசைக்காமல் பிடித்து ஒரு நிமிடமாவது பதிவு செய்யுங்கள். முடிந்தால் ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) வடிவத்தில். பறவை ஓய்ந்ததும் அதே பதிவில் தேதி, இடம், பறவையைக் கண்ணால் பார்த்தீர்களா இல்லையா என்று சொல்லி முடியுங்கள்.

மெர்லின் செயலி கேட்ட ஒலிக்குப் பெயர் சொல்லும். நல்ல கருவிதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அது தருவது துப்பு மட்டுமே. கரிச்சான், வைரி என்ற சிறு வேட்டைப் பறவையைப்போல் கத்தும். துடுப்புவால் கரிச்சான் காட்டில் பாதிப் பறவைகளின் குரலை எடுத்துவிடும். செயலியின் திரையில் ஓர் அரிய பெயர் மின்னினால் பைனாக்குலரை எடுத்து அந்தத் திசையில் தேடுங்கள். பெயர் வந்ததையே பதிவாகப் போடாதீர்கள்.

அடையாளம் காண்பது: முதலில் சாதாரணத்தைத் தீர்த்துவிடுங்கள்

'இது என்ன அபூர்வப் பறவை?' என்று எனக்கு வரும் படங்களில் மிகப் பெரும்பாலானவை தெரிந்த பறவையின் தெரியாத கோலம். அதனால் 'இது எந்த அரிய பறவை' என்று கேட்பதற்கு முன், 'இது எந்தச் சாதாரணப் பறவையாக இருக்கக்கூடும்' என்று கேட்டுத் தீர்க்க வேண்டும்.

வயதும் பாலும்தான் அதிகம் ஏமாற்றும். உடலெங்கும் வெள்ளைப் புள்ளியோடு வேப்பமரத்தில் உட்கார்ந்திருப்பது பெண் குயில். பழுப்பு நிறத்தில் புள்ளி தெளித்த கொக்கு நாணலோரம் நின்றால் பெருங்குருகு என்று மனம் துள்ளும், அது இராக்கொக்கின் குஞ்சாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இளம் செம்பருந்துக்குச் செம்மையும் கிடையாது, வெள்ளைத் தலையும் கிடையாது. கரும்பருந்து என்று தோன்றும், வாலைப் பாருங்கள்: கரும்பருந்துக்கு வால் நுனி பிளந்திருக்கும், செம்பருந்துக்கு வட்டமாக இருக்கும். அரசவால் ஈப்பிடிப்பானில் நீண்ட வாலோடு வெள்ளை ஆணும் உண்டு, செம்பழுப்பு ஆணும் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் மடையானின் முதுகு கருஞ்சிவப்பாக மாறும். வருடம் முழுக்க அதைப் பார்த்தவர்களே அப்போது வேறு பறவை என்பார்கள். அக்காக்குயிலோ மேலோட்டப் பார்வைக்கு வைரிதான். அலகைப் பாருங்கள்: வைரிக்குக் கொக்கிபோல் வளைந்திருக்கும், அக்காக்குயிலுக்கு அப்படி இருக்காது.

அடுத்தது நிறமிக் குறைபாடு. வெள்ளைக் காகம், வெள்ளை மைனா என்று செய்தித்தாளில் வருவதெல்லாம் இதுதான். இறகில் மட்டும் நிறமி குறைந்து கண் வழக்கம்போல் கருப்பாக இருந்தால் ஒரு வகை, நிறமியே இல்லாமல் கண் இளஞ்சிவப்பாக இருந்தால் இன்னொரு வகை. அங்கங்கே வெள்ளைத் திட்டு விழுந்த பறவைகளும் உண்டு. இவற்றைக் குறித்துவைக்க வேண்டும்தான், ஆனால் அதே இனத்தின் பெயரில், குறிப்போடு. அலகு, கால், உருவம், கூட யார் இருக்கிறார்கள் என்பதை வைத்து இனத்தைச் சொல்லிவிடலாம்.

கூண்டிலிருந்து தப்பியவை மூன்றாவது. நம்மூரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் ஆஸ்திரேலியச் சிறுகிளி உங்கள் மாடியில் வந்து உட்கார்ந்தால் அது வலசை வந்ததல்ல. சில்லைகளுக்குப் பச்சையும் சிவப்புமாகச் சாயம் பூசி விற்கிற கொடுமையும் நடக்கிறது, தப்பி வந்தால் எந்தப் புத்தகத்திலும் இல்லாத குருவியாகத் தெரியும். தேய்ந்த வால் நுனி, அளவுக்கு மீறி வளர்ந்த நகம், ஆளைக் கண்டு பயப்படாத தன்மை ஆகியவற்றைக் கவனித்து எழுதுங்கள்.

கடைசியாக வெளிச்சம். காலை, மாலை வெயிலில் வெள்ளை மஞ்சளாகும், சாம்பல் பழுப்பாகும். இலைக்குக் கீழே எல்லாவற்றிலும் பச்சை ஏறும். நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்காமல், அலகின் வடிவம், வாலின் நீளம், இறக்கை நுனி வாலைத் தாண்டுகிறதா என்பது போன்ற உருவக் குறிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவையெல்லாம் வெயிலுக்கு மாறாதவை.

இத்தனையும் தீர்ந்த பிறகு அரிய பெயர் மிஞ்சினால், அதைச் சந்தேகத்தோடு அணுகுங்கள். ஒரு குறி போதாது, ஒன்றையொன்று சாராத இரண்டு மூன்று குறிகள் வேண்டும். மாங்குயில்களை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மூர் மாங்குயிலின் கண்கோடு கண்ணுக்குச் சற்றுப் பின்னால் முடிந்துவிடும். கரும்பிடரி மாங்குயிலுக்கு அது பட்டையாகி இரண்டு பக்கமும் பிடரியில் சேரும். பக்கவாட்டுப் படம் ஒன்றை மட்டும் வைத்துச் சண்டை போடுவதைவிட, பறவை திரும்பும்வரை காத்திருந்து பிடரியைப் பார்ப்பது மேல்.

காலமும் இடமும் சொல்வது

நிகழ்தகவு உங்களுக்கு நண்பன். ஆகஸ்டிலேயே கோடியக்கரை, பழவேற்காடு போன்ற கடலோரங்களுக்கு உள்ளான்கள் வரத் தொடங்கும். முதலில் வரும் வளர்ந்த பறவைகள் இனப்பெருக்கக் காலச் செந்நிறத்தின் மிச்சத்தோடு வருவதால் குளிர்காலப் படத்தோடு பொருந்தாது. செப்டம்பர், அக்டோபரில் வழிப்போக்கர்கள் கடந்து போவார்கள். ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் இனப்பெருக்கம் செய்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் ஐரோப்பியப் பனங்காடை அப்போதுதான் இந்தியாவின் வடமேற்கைக் கடக்கும். தென்கோடிக்கு வருவது அரிது என்றாலும், வந்தால் அந்தக் காலத்தில் வருவது பொருத்தம். அதே பறவையை மே மாதத்தில் பார்த்ததாகச் சொன்னால் சான்று பல மடங்கு வலுவாக இருக்க வேண்டும். குளிர்காலம் முழுக்கச் சூறைக்குருவிக் கூட்டங்களை ஒவ்வொரு பறவையாக அலசிப் பாருங்கள். வேறு மைனா இனங்கள் அதற்குள் கலந்து வருவதுண்டு.

வங்கக் கடலில் புயல் கரையைக் கடந்த மறுநாள் ஏரிகளைச் சுற்றுங்கள். நடுக்கடலில் வாழும் ஆலாக்களும் ஃபிரிகேட் பறவைகளும் காற்றில் அடித்துவரப்பட்டு உள்நாட்டுக்கு வந்துவிடும். இப்படி வரும் பறவை களைத்துக் கிடக்கும், படமெடுக்க நெருங்கி இன்னும் களைப்பாக்காதீர்கள்.

பதிவேற்றுவது

கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கிய இபேர்ட் இன்று நம்மூர்ப் பறவை ஆர்வலர்கள் பெரும்பாலோர் பயன்படுத்தும் பறவைப் பதிவுத் தளம். அரிய பறவையை மட்டும் தனியாகப் போடாமல் முழுப் பட்டியலாகப் போடுங்கள். குறைந்தது 15 நிமிடம் பார்த்து, கண்ட எல்லா இனங்களையும் எண்ணிக்கையோடு சேர்த்தால் அன்றைக்கு அங்கே என்ன இருந்தது என்பது முழுதாகத் தெரியும். 2015 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இந்த முறையில்தான் நடக்கிறது, பழக நல்ல வாய்ப்பு.

அந்தப் பகுதிக்கும் அந்த மாதத்துக்கும் பொருந்தாத இனத்தைச் சேர்த்தால் இபேர்ட் செயலி அதை அரிது என்று காட்டி விளக்கம் கேட்கும். 'நன்றாகப் பார்த்தேன்', 'பத்து வருட அனுபவம்' என்று எழுதுவது விளக்கம் ஆகாது. களக்குறிப்பை அப்படியே போடுங்கள், கூடவே எந்த இனத்தோடு குழம்ப வாய்ப்புண்டு, அதை எப்படி விலக்கினீர்கள் என்று இரண்டு வரி சேருங்கள். 'பனங்காடை அல்ல: நெஞ்சு நீலம், பறக்கும் இறகு முழுக்கக் கருப்பு, வெளிர்நீலப் பட்டை இல்லை.' இதுபோதும். இடத்தைச் சரியான புள்ளியில் வையுங்கள், மாவட்டத்தின் பெயரில் பொதுவாக வைத்தால் பயன் குறையும்.

இப்படி அரிது என்று குறிக்கப்படும் பதிவுகளை உள்ளூர்த் தன்னார்வலர்கள் பார்த்துச் சரிபார்க்கிறார்கள். சில நேரம் மின்னஞ்சலில் கேள்வி வரும். அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் பதிவை ஐம்பது வருடம் கழித்துப் பார்க்கப்போகிறவர் கேட்கும் கேள்வியை அந்தத் தன்னார்வலர் இப்போதே கேட்கிறார். உறுதிப்படாவிட்டாலும் பதிவு உங்கள் பட்டியலில் இருக்கும், பொது வரைபடத்தில் மட்டும் வராது. இனம் வரை போக முடியாவிட்டால் 'பனங்காடை வகை' என்பது போன்ற பொதுப்பெயரில் போட வசதி இருக்கிறது. அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். நேர்மையான 'வகை' ஒன்று, தவறான இனப்பெயரைவிட எவ்வளவோ மதிப்புள்ளது.

இடத்தைச் சொல்லக் கூடாத நேரம்

கூட்டில் இருக்கும் பறவை, பகலில் உறங்கும் ஆந்தை, வேட்டைக்கோ வியாபாரத்துக்கோ ஆளாகக்கூடிய இனம். இவற்றின் இடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஒரு கூட்டைச் சுற்றி முப்பது கேமரா நின்றால் தாய்ப்பறவை திரும்பி வராமல் போகலாம். படத்துக்குள்ளேயே ஜிபிஎஸ் தகவல் பதிந்திருக்கும், பகிரும் முன் நீக்கிவிடுங்கள். பறவையை வெளியே வரவழைக்கப் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிடுவதையும் தவிர்த்துவிடுங்கள். தன் எல்லையில் எதிரி வந்துவிட்டதாக அது அலைந்து களைக்கும்.

வளையம் போட்ட பறவை, விழுந்துகிடக்கும் பறவை

காலில் வளையமோ வண்ணக் கொடியோ இருந்தால் நாலு விஷயம் வேண்டும்: என்ன நிறம், எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, எழுத்து அல்லது எண் என்ன. வலது, இடது என்பது பறவையின் பக்கத்திலிருந்து. எதிரே நின்று பார்க்கும்போது இது எளிதில் மாறிவிடும், படத்தோடு ஒருமுறை சரிபாருங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. அவர்கள் வளையத்தில் கழகத்தின் பெயரும் எண்ணும் பொறித்திருக்கும். எண்ணைத் தெரிவித்தால் பறவை எங்கே, எப்போது வளையமிடப்பட்டது என்பதை அறிய வழி உண்டு.

அக்டோபரில் ஆறுமணிக்குருவி இரவுப் பயணத்தில் களைத்து வீட்டுக்குள்ளேயே வந்து விழுவதுண்டு. காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். தெம்பு வந்ததும் மரங்கள் உள்ள இடத்தில் விட்டுவிடலாம். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இறந்த பறவை என்றால் வெறும் கையால் தொடாமல், அளவுகோலோ பேனாவோ பக்கத்தில் வைத்து மேல்பக்கம், அடிப்பக்கம், விரித்த இறக்கை என்று படமெடுங்கள்.

மறுநாள்

அதே நேரத்துக்கு அதே இடத்துக்குப் போங்கள். பறவை இருந்தால் முதல் நாள் விட்டுப்போன குறியைப் பார்க்கலாம், இன்னொருவரையும் கூட்டிப்போய்க் காட்டலாம். அவரிடம் முன்கூட்டியே பெயரைச் சொல்லாமல், தானாகப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பறவை இல்லையென்றால் அன்றைக்கும் ஒரு முழுப் பட்டியல் போடுங்கள். எத்தனை நாள் தங்கியது, என்று கிளம்பியது என்பது அந்தப் பட்டியல்களிலிருந்துதான் தெரியவரும். அந்த மின்கம்பிக்கு நான் தொடர்ந்து ஐந்து காலை போனேன். மூன்று நாள் நீலநெஞ்சுக்காரன் அங்கே இருந்தான். நாலாம் நாள் கம்பியில் நம்மூர்ப் பனங்காடை மட்டும் உட்கார்ந்திருந்தது, அதையும் குறித்துக்கொண்டு வந்தேன்.